அவசரம்: பற்றரி புதிது, ஆனாலும் வண்டி நடுவழியில் நிற்கிறது

சிசிலிக்காற்று (பலெர்மோ)
அண்ணாமாருக்கு வணக்கம். மோட்டோ குட்ஸி ஒன்று வைத்திருக்கிறேன், இத்தாலிய மோட்டார் சைக்கிள். நல்லாய் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. பற்றரி மாற்றியாயிற்று, புதிதுதான். இன்று மனைவியுடன் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு, ரொசாலியா அன்னையின் கோவிலுக்குப் போனேன். மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் பஸ்ஸில் இறங்கினாள். இன்னும் என்னோடு பேசவில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் வண்டி ஓட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும். படம் இணைத்திருக்கிறேன்.

வண்டிப்பித்தன் (சென்னை)
கார்புரேட்டர்தான். பழைய இத்தாலிய வண்டியில் டெல்லோர்ட்டோ இருக்கும். அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை ஊதிப் பாருங்கள். என் லாம்ப்ரெட்டாவும் இப்படித்தான் நின்று நின்று உயிரை வாங்கியது, ஊதியதும் சரியாகிவிட்டது.

மந்தெல்லோ_மன்னன் (சூரிச்)
பித்தன் அவர்களே, ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை என்கிறார், நீங்கள் ஜெட்டை ஊதச் சொல்கிறீர்கள்.

தம்பி, "மோட்டோ குட்ஸி ஒன்று" என்று எழுதினால் எப்படி? "ஊரில் ஒரு வீடு இருக்கிறது, ஒழுகுகிறது" என்று கொத்தனாரிடம் சொல்வதுபோல் இருக்கிறது. இத்தாலியில் மந்தெல்லோ தெல் லாரியோ என்ற ஊரில் 1921 முதல் குட்ஸி வண்டி செய்கிறார்கள். எந்த மாடல்? எந்த ஆண்டு? எத்தனை கிலோமீட்டர்? பாயின்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா? இதையெல்லாம் எழுதிவிட்டு உதவி கேட்பதுதான் முறை. ஒவ்வொரு மாதமும் இதையே எழுத எனக்கும் அலுத்துவிட்டது.

சிசிலிக்காற்று
மன்னிக்கவும் அண்ணா. 850 டி3. 1978. சிவப்பு.

மந்தெல்லோ_மன்னன்
நிறத்தை நான் கேட்கவில்லை.

இரட்டைச்சிலிண்டர் (ரொறன்ரோ)
மலையிலிருந்து எப்படி இறங்கினீர்கள்? இறக்கத்தில் இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தீர்களா?

சிசிலிக்காற்று
அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இறக்கத்தில் அப்படித்தான் கிளப்பினேன், வண்டியும் ஓடியது. கீழே சிக்னலில் லைற் மங்கி மங்கி மறுபடி நின்றது. வீட்டுக்கு வந்து இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டால் காலையில் பட்டனைத் தொட்டதும் கிளம்புகிறது. இருபது நிமிடம் ஊருக்குள் ஓடினால் பழையபடிதான்.

இரட்டைச்சிலிண்டர்
அப்படியானால் பற்றரி குற்றம் இல்லை, அதற்குச் சோறு கிடைப்பதில்லை. பாயின்ட் இக்னிஷன் வண்டி, பற்றரி செத்தால் பிளக்கில் பொறியும் சாகும். என் ஓட்டு டயோடு பலகைக்கு, ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அதுதான். அது ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும். நாற்பது வருடத்தில் ரப்பர் வெடித்துவிடும், எர்த் அறுந்துபோகும். பலகையிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துவிடுங்கள். நான் இழுத்துப் பத்து வருடம் ஆகிறது, ஒரு நாளும் தொந்தரவு இல்லை.

வண்டிப்பித்தன்
இத்தாலியர்கள் எஞ்சினைச் சிற்பமாகச் செய்வார்கள், வயரிங்கை விருந்துக்குப் போகும் அவசரத்தில் முடிப்பார்கள் என்று என் மாமா சொல்வார்.

மந்தெல்லோ_மன்னன்
உங்கள் மாமாவுக்குச் சொல்லுங்கள்: மின்சாரம் உண்டாக்கும் அந்த ஆல்டர்னேட்டர் ஜெர்மன்காரனின் பாஷ். வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் பாஷ்தான்.

தம்பி, மல்டிமீட்டர் இருக்கிறதா? எஞ்சின் நிற்கும்போது பற்றரி முனைகளில் எத்தனை வோல்ட் என்று ஒரு அளவு, நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு அளவு. முதலாவது 12.6 அளவில் இருக்க வேண்டும், இரண்டாவது 14ஐ ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் பேசலாம். கூடுதலாக என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். டி3 வாங்கியவன் எவனும் சும்மா இருந்ததில்லை.

சிசிலிக்காற்று
பல்லாரோ சந்தையில் வங்காளி அண்ணன் ஒருவரின் கடையில் மீட்டர் இரவல் வாங்கினேன். நிற்கும்போது 12.4. முறுக்காமல் ஐடிலில் 12.0. 3000இல் 12.1. ஏறவே இல்லை.

மாட்டியது: முன்னால் இரண்டு பனிவிளக்கு, கைப்பேசிச் சார்ஜர், பின்னால் பெட்டி. பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை.

மந்தெல்லோ_மன்னன்
பிடித்துவிட்டேன். பாருங்கள்: ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் 20 ஆம்பியர், அதாவது 280 வாட். அது உயர்ந்த சுற்றில்தான். ஐடிலில் பெயருக்குத்தான் ஏதோ வரும். இத்தாலியில் மோட்டார் சைக்கிள் பகலிலும் விளக்கு எரிய ஓட வேண்டும் என்பது சட்டம், ஆகவே 55 வாட் எந்நேரமும் போகிறது. பனிவிளக்கு ஒவ்வொன்றும் 55 என்றால் இன்னும் 110. இக்னிஷன் காயில்கள், பின்விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் சேர்த்தால் 200ஐத் தாண்டும். பலெர்மோ நெரிசலில் ஐடிலில் ஊர்ந்தால் பற்றரி சாகாமல் என்ன செய்யும்? பனிவிளக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள். சிசிலியில் ஏது பனி?

சிசிலிக்காற்று
பனிவிளக்கை நான் போடுவதே இல்லை அண்ணா. அழகுக்குத்தான்.

மழைக்கால_ஓட்டுநர் (லண்டன்)
மன்னன் கணக்கு சரி, ஆனால் 3000 சுற்றில் 12.1 என்றால் அது சுமைப் பிரச்சினை இல்லை, உற்பத்தியே இல்லை. முன்மூடியைக் கழற்றி, ரோட்டருக்கு, அதாவது ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதிக்கு, மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். ரோட்டரின் இரண்டு செப்பு வளையங்களுக்கும் நடுவே ஓம் அளவெடுங்கள். மூன்றரையை ஒட்டி வந்தால் ரோட்டர் நலம், முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. கழற்ற நேர்ந்தால் தயவுசெய்து சுத்தியலால் தட்டாதீர்கள். நடு போல்ட்டை எடுத்துவிட்டு, உள்ளே கடினமான எஃகுக் கம்பித்துண்டு ஒன்றைப் போட்டு, போல்ட்டை மறுபடி முறுக்கினால் 'டக்' என்று தானே விடும்.

இரட்டைச்சிலிண்டர்
அது இருக்கட்டும். தம்பி போட்ட படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியிலிருந்து வரும் குழாய் முன்சக்கரத்தின் இரண்டு டிஸ்குக்கும் போகிறது! இணைப்பு பிரேக்கைப் பிரித்திருக்கிறார். நல்ல வேலை. நானும் வாங்கிய முதல் மாதமே பிரித்தேன்.

மழைக்கால_ஓட்டுநர்
நல்ல வேலையா? டி3யின் தனிச்சிறப்பே அதுதானே. மிதியை அழுத்தினால் பின்டிஸ்கும் முன் இடது டிஸ்கும் சேர்ந்து பிடிக்கும், கைப்பிடிக்கு முன் வலது மட்டும். மழையில், டிராம் தண்டவாளத்தின் மேல், காலால் மட்டும் பிடித்து நேர்க்கோட்டில் நின்றிருக்கிறேன். தூரிகை வைத்து வரைந்ததுபோல் நிற்கும். அந்தக் காலத்திலேயே இப்படி யோசித்து வைத்ததை அறுத்து எறிவது பாவம்.

இரட்டைச்சிலிண்டர்
கைப்பிடியில் ஒரே டிஸ்க் என்றால் மரக்கட்டையைப் பிழிவதுபோல் இருக்கிறது. வளைவுக்குள் நுழையும்போது முன்பிரேக்கை மட்டும் மெல்லத் தொட நினைப்பவனுக்கு இது விலங்கு. ஓட்டத் தெரியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு.

மழைக்கால_ஓட்டுநர்
ஓட்டத் தெரிந்தவர் கைப்பிடியில் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினாரா? ஒரு டிஸ்குக்கு அளவெடுத்துச் செய்த சிலிண்டரை இரண்டு டிஸ்குக்குப் பிணைத்தால் கைப்பிடி பாதிவரை வந்துதான் பிடிக்கும். முக்கால்வாசிப் பேர் குழாயை மாற்றிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இரட்டைச்சிலிண்டர்
மாற்றினேன். பெரியதுதான் போட்டிருக்கிறேன். நீங்கள் என் கராஜுக்குள் வந்து பார்த்ததுபோல் எழுத வேண்டாம்.

மந்தெல்லோ_மன்னன்
பிரித்தவர்களின் மூலக்குழாய்களும், மிதியின் அழுத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பகிர்வு வால்வும் எங்கே? நான் சொல்லவா? பழைய பிஸ்கட் டின்னில், கராஜ் பரணில். விற்கும் நாள் வரும்போது தேடுவார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு மதிப்பு வேறு.

கோவை_மின்தாத்தா (கோயம்புத்தூர்)
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த வண்டியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் காந்திபுரத்தில் நாற்பது ஆண்டு ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்தவன். அம்பாசடர், லாரி, டிராக்டர் என்று ஆல்டர்னேட்டர் கழற்றிய கை இது. லூகாஸ் டிவிஎஸ் ஆனாலும் பாஷ் ஆனாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

தம்பி, இரண்டே கேள்வி. சாவியைத் திருப்பியதும் சிவப்புச் சார்ஜ் விளக்கு எரிகிறதா? எஞ்சின் கிளம்பியதும் அணைகிறதா?

சிசிலிக்காற்று
எரிகிறது ஐயா. ஓடும்போதும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். எல்இடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். போன மாதம்தான் மீட்டர் பலகையின் குமிழ்கள் எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றினேன். இணையத்தில் பத்துக் குமிழ் எட்டு யூரோ. இரவில் பார்க்க விமானம்போல் இருக்கிறது.

இன்னொன்று. அதற்குப் பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் செஃபாலு வரை போய் வந்தேன். அன்று மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மழைக்கால_ஓட்டுநர்
இதை முதலில் சொல்லியிருக்கலாமே!

கோவை_மின்தாத்தா
அங்கேதான் இருக்கிறது வியாதி. அந்தச் சிவப்பு விளக்கு உங்களுக்குச் சேதி சொல்வதற்கு மட்டும் வைத்ததில்லை. ஆல்டர்னேட்டரின் ரோட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. சாவியைத் திருப்பும்போது பேட்டரியிலிருந்து இந்தக் குமிழ் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ரோட்டருக்குள் போய் அதைக் காந்தமாக்கும். பிறகு எஞ்சின் சுற்றும்போது அதுவே தன்னைக் காந்தமாக்கிக்கொள்ளும், விளக்கு அணையும். அடுப்பில் முதல் கொள்ளி வைப்பதுபோல.

பழைய இழைக் குமிழ் 3 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் விடும். நீங்கள் போட்ட எல்இடி விடுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கொள்ளி போதவில்லை, அடுப்பு பற்றவில்லை. நெடுஞ்சாலையில் ஏன் ஓடியது? ரோட்டரின் இரும்பில் பழைய காந்தம் துளி ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்று நன்றாக ஏறினால் அந்தத் துளியே போதும், தானாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சினை அணைக்கிறவரை சார்ஜ் ஆகும். ஊருக்குள் அந்தச் சுற்று ஏது?

சோதனை எளிது. மீட்டரைப் பேட்டரியில் மாட்டிக்கொண்டு, நியூட்ரலில், ஒரே ஒரு தடவை 4500 வரை முறுக்குங்கள். 12இலிருந்து சட்டென்று 14க்குத் தாவினால் ரோட்டர், பிரஷ், டயோடு, ரெகுலேட்டர் எல்லாம் நலம். சார்ஜ் விளக்கில் மட்டும் பழைய குமிழைத் திரும்பப் போடுங்கள், மற்றவை விமானமாகவே இருக்கட்டும். எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 47 ஓம், 5 வாட் தாங்கும் மின்தடை ஒன்று. அது சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்டி வைக்காதீர்கள்.

இரட்டைச்சிலிண்டர்
ஐயா, வணக்கம். என் டயோடு பலகையை வாபஸ் வாங்குகிறேன்.

மந்தெல்லோ_மன்னன்
கூடுதலாக மாட்டியதுதான் காரணம் என்று நான் ஆரம்பத்திலேயே எழுதியிருந்தேன் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

மழைக்கால_ஓட்டுநர்
பனிவிளக்கு என்று எழுதினீர்கள்.

மந்தெல்லோ_மன்னன்
விளக்கு என்பதுவரை சரியாகத்தானே இருக்கிறது.

வண்டிப்பித்தன்
தம்பி, 4500க்கு முறுக்கிப் பார்த்தீர்களா? சனிக்கிழமை வந்துவிட்டதே.

இரட்டைச்சிலிண்டர்
அவர் வரும்வரை: பகிர்வு வால்வு இல்லாமல் மிதியைப் பின்டிஸ்குக்கு மட்டும் இணைத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்கிறார்கள். எனக்கு ஒரு தடவைகூட ஆனதில்லை.

மழைக்கால_ஓட்டுநர்
ரொறன்ரோவில் மழைநாளில் வண்டியை வெளியே எடுப்பீர்களா?

இரட்டைச்சிலிண்டர்
எதற்கு எடுக்க வேண்டும்?

சிசிலிக்காற்று (மூன்று வாரம் கழித்து)
எல்லோருக்கும் நன்றி, வேலை அதிகம், எழுத முடியவில்லை. முறுக்கியதும் 14க்குத் தாவியது. பழைய குமிழை எறியாமல் வைத்திருந்தேன், போட்டுவிட்டேன். 3000இல் 14.1. கோவை ஐயாவுக்காகவும் ரொசாலியா அன்னையிடம் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். மனைவி பின்னால் உட்கார்ந்துதான் வந்தாள்.

பிரேக் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது என் வண்டி இல்லை. அன்று இருட்டிவிட்டது, அதே நிறத்தில் ஒன்று இணையத்தில் கிடைத்தது.

மழைக்கால_ஓட்டுநர்
அப்படியானால் உங்கள் வண்டியில் பிரேக் பிரித்திருக்கிறதா, இல்லையா?

இரட்டைச்சிலிண்டர்
தம்பி?

வண்டிப்பித்தன்
எதற்கும் கார்புரேட்டரையும் ஒரு தடவை கழற்றி ஊதிவிடுங்கள்.