பர்மாவில் இறந்த பெரிய தாத்தாவைப் பற்றி எங்கே தேடுவது?

செய்யாற்றான்:
என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து, 1944-இல் பர்மாவில் இறந்தார் என்பதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊர் செய்யாற்றுக்கு அருகில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அவர் புறப்பட்டபோது வயது இருபதைத் தாண்டியிருக்காது; திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பெரிய பாட்டி கடைசிவரை பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார். மிஞ்சியிருப்பவை சீருடையில் எடுத்த ஒரு புகைப்படமும், நட்சத்திர வடிவிலான ஒரு பதக்கமும்தான். அவர் எந்தப் பிரிவில் இருந்தார், கல்லறை என்று ஏதேனும் உண்டா என்பதை அறிய வழியிருக்கிறதா?

பழங்கணக்கு:
முதலில் பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்த அதே நட்சத்திரங்களை, இந்தியச் சிப்பாய்களுக்குப் பட்டாள எண்ணையும் பெயரையும் பிரிவையும் பொறித்துக் கொடுத்தார்கள். தயவுசெய்து புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். எழுத்து தேய்ந்திருந்தாலும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் பெரும்பாலும் படித்துவிடலாம்.

அடுத்ததாக, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். 1917-இல் தொடங்கப்பட்ட அந்த ஆணையத்தின் பட்டியலில், இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சிப்பாய்கள் பலருடைய பதிவில், இன்னார் மகன், இன்னாரின் கணவர், இன்ன கிராமம், இன்ன மாவட்டம் என்று ஒரே வரியில் குடும்பமே அடங்கியிருக்கும். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பார் என்பதால், பெயரைப் பலவிதமாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்; அப்படியும் கிடைக்காவிட்டால், பெயரை விட்டுவிட்டு, கூடுதல் தகவல் பகுதியில் ஆற்காடு என்று தேடிப் பாருங்கள்.

வடகிழக்கு:
தனிக் கல்லறை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்து, சீக்கிய வீரர்களின் உடல்களுக்கு எரியூட்டும் வழக்கம் இருந்ததாலும், பலருடைய உடல்கள் கிடைக்காமலே போனதாலும், அவர்களுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தின் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன. ஆனால் 1944 என்கிறீர்கள். அந்த ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை பெரும் சண்டை நடந்தது இம்பாலிலும் கோஹிமாவிலும்தான். வீட்டில் பர்மா என்று சொல்லிவந்தது மணிப்பூராகவோ நாகா மலையாகவோகூட இருக்கலாம். அவ்விரு ஊர்களிலும் எரியூட்டப்பட்டவர்களுக்கான நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன.

செய்யாற்றான்:
இருவருக்கும் நன்றி. பதக்கத்தின் பின்புறம் எண்ணும் பெயரும், அதன் கீழே பயனியர் கோர் என்பதன் சுருக்கமும் இருக்கின்றன. எல்லாரும் அவரைத் துப்பாக்கி ஏந்தியவராகவே நினைத்திருந்தோம்; சாலை போடும் பிரிவில் இருந்திருக்கிறார். அந்த எண்ணை வைத்துத் தேடியபோது ரங்கூன் நினைவுச்சின்னத்தில் அவர் பதிவும் கிடைத்தது. பெற்றோர் பெயரும் ஊர்ப்பெயரும் சரியாக இருக்கின்றன. பெரிய பாட்டியின் பெயர் மட்டும் இல்லை. இனிமேல் சேர்க்க முடியுமா?

பழங்கணக்கு:
ஆதாரத்துடன் ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். பாட்டியின் பென்ஷன் புத்தகம் பெட்டியில் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள்; கணவரின் பட்டாள எண்ணும் பாட்டியின் பெயரும் அதில் சேர்ந்தே இருந்தால், அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.