புதுப்பிப்பு: சின்னப் பாய்மரப் படகில் கரை மின்சாரம்

பேட்டரி மட்டுமே இருந்த என் சின்னப் படகுக்குக் கரை மின்சாரம் (படகுத்துறையிலிருந்து கேபிள் வழியாக வரும் மின்சாரம்) கொடுக்க யோசனை கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்துவிட்டது.

230 வோல்ட் பக்கம் சிறியதுதான்: கரைக் கேபிளைச் செருகும் 16 ஆம்பியர் நீல இன்லெட், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் பிரேக்கர், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி, ஒரு பிளக் பாயின்ட், சார்ஜர்.

அதிகம் விவாதித்தது எர்த் கம்பியைத்தான். அதை இணைக்காவிட்டால் படகின் உலோகப் பாகங்களில் அரிப்பு குறையும் என்று சிலர் சொன்னீர்கள். உண்மைதான், பக்கத்துப் படகுகளோடு எர்த் வழியாக இணைந்ததும் நம் துத்தநாக ஆனோடு (மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அவற்றைக் காக்கும் துண்டு) வேகமாகக் கரையும். ஆனால் எர்த் இல்லாத படகில் மின்கசிவு ஏற்பட்டால் தண்ணீரில் நீந்துபவரின் உயிருக்கே ஆபத்து, அதுவும் நன்னீரில் இன்னும் மோசம். ஆனோடு போனால் வேறு வாங்கலாம். ஆகவே எர்த்தை வைத்து, அதில் கால்வானிக் ஐசோலேட்டர் போட்டேன். அரிப்பை உண்டாக்கும் சிறிய மின்னழுத்தத்தை அதன் டையோடுகள் தடுக்கும், பழுது மின்னோட்டம் வந்தால் வழிவிடும்.

12 வோல்ட் பக்கம் தகரப்பூச்சுள்ள பல இழைச் செப்புக் கம்பி. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ். இணைப்பெல்லாம் கிரிம்ப்தான் (கம்பி முனையில் உலோக முனையத்தை அழுத்தி இறுக்குவது), சால்டர் வைத்தால் அது முடியும் இடத்தில் அதிர்வால் கம்பி முறியும்.

அப்புறம், கேபிளை எங்கே முதலில் செருகுவது என்று கேட்டவருக்கு: முதலில் படகில், பிறகு கரையில். கழற்றும்போது கரையில் முதலில்.