கிடப்பா, கிடைப்பா, ஏறும் அளவா?

பொருள்: மண்ணில் உள்ளது வேறு, பயிருக்குப் போவது வேறு. அவசரமாக ஒரு சொல் தேவை

செ.ம., வேலூர்:

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். பாலாற்றங்கரை உழவர்களுக்கான மண் பரிசோதனைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு அட்டவணைத் தலைப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மண்ணில் உள்ள காட்மியம், காரீயம் போன்றவற்றை இரண்டு விதமாக அளக்கிறோம். ஒன்று, மண்ணை இராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் காய்ச்சிக் கரைத்து மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பது. மற்றது, உலோகத்தைப் பற்றி இழுக்கும் டிடிபிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலில் குலுக்கிப் பார்ப்பது. 10 கிராம் மண்ணுக்கு 20 மில்லி கரைசல், கார அமில நிலை (pH) 7.3, இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டினால், மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளாத பகுதி மட்டும் வடிநீரில் வந்துவிடும். வேர் எடுக்கக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான் என்று கொள்கிறோம். இரண்டு எண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும்.

இரண்டாவதுதான் பயோஅவைலபிலிட்டி. வழக்கமாகப் போடும் 'உயிரியல் கிடைக்கும் தன்மை' கட்டத்துக்குள்ளும் அடங்காது, உழவர் வாயிலும் நுழையாது. சுருக்கமாக ஏதாவது சொல்லுங்கள்.

ப.க., திருவண்ணாமலை:

இதற்கு எதற்குப் புதுச்சொல்? வேளாண்மைத் துறையில் இருந்த காலமெல்லாம் மண் பரிசோதனை அட்டையில் 'கிடைக்கும் தழைச்சத்து, கிடைக்கும் மணிச்சத்து, கிடைக்கும் சாம்பல்சத்து' என்றுதான் எழுதிக் கொடுத்தோம். படிக்காத விவசாயிக்கும் அது விளங்கும். அந்தக் 'கிடைக்கும்' என்பதையே இங்கும் போடுங்கள்.

செ.ம.:

ஐயா, அதைத்தான் முதலில் போட்டேன். பயிற்சி வகுப்பில் 'கிடைக்கும் காட்மியம்' என்று பலகையில் எழுதியதும் பின்வரிசையில் ஒரு பெரியவர் "எந்தக் கடையிலேம்மா?" என்று கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது. மணிச்சத்து கிடைத்தால் நல்லது, காட்மியம் கிடைத்தால்? கிடைப்பது என்றாலே வேண்டியது கைக்கு வந்தது என்ற தொனி வந்துவிடுகிறது.

புலவர் இ.கு., தஞ்சாவூர்:

தொனியைப் பிறகு பார்க்கலாம், முதலில் வேரைப் பாருங்கள். கிட என்பதும் கிடை என்பதும் ஒரு வேரில் கிளைத்தவை. ஓரிடத்தில் கிடப்பது ஒருவனுக்குக் கிடைக்கிறது. கிடப்பது பொருளின் நிலை, கிடைப்பது அது இன்னொருவரைச் சேரும் நிலை. நான்காம் வேற்றுமை இல்லாமல் கிடைத்தல் நிறைவு பெறாது; யாருக்கு என்று கேட்கும். செ.ம. அம்மையாருக்கு வேண்டிய இரண்டு தலைப்புகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. மொத்த அளவு கிடப்பு. வேருக்குச் செல்வது கிடைப்பு. இதைவிடக் கச்சிதமான இணை எந்த மொழியிலும் அமையாது.

'கிடைமை' என்று யாரேனும் முன்மொழிவார்கள். வேண்டாம், கிடைமட்டத்தோடு குழம்பும். ஆட்டுக்கிடை வேறு இருக்கிறது. அதுவும் வயலுக்கு உரம் சேர்க்கும் செய்திதான் என்பதைக் கவனிக்க.

இன்னொன்று. 'கன உலோகம்' என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். உலோகம் வடசொல். மாழை என்று எழுதுவதில் என்ன தடை? வன்மாழை, நச்சுமாழை எனப் பெருக்கிக்கொண்டே போகலாம்.

வ.ந., சென்னை:

புலவர் ஐயாவின் இணை அழகுதான். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. கிடப்பு, கிடைப்பு. ஒரே ஒரு 'ஐ'காரம். தட்டச்சில் அது நழுவினால் மொத்த அளவு போய்க் கிடைக்கும் அளவின் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். நல்ல நிலத்தை நஞ்சு நிலம் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். போதாததற்கு, கிடப்பு என்றதும் அரசு அலுவலகத்தில் கோப்புதான் ஞாபகம் வரும்.

வேறுபாடு முக்கியம் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. இராணிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் இடத்தில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். கழிவோடு மண்ணுக்குப் போனால் பெரும்பாலும் கரையாமல் படிந்துவிடும், செடி அதை அதிகம் எடுக்காது. 1990களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். அதில் இருப்பது அறுவிணைதிறக் குரோமியம். தண்ணீரில் கரைந்து ஓடும், நிலத்தடி நீரை மஞ்சளாக்கும், புற்றுநோய் உண்டாக்கும். 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்தபோது இராணிப்பேட்டை அதில் இடம்பிடித்தது. இராஜ திராவகத்தில் காய்ச்சினால் இரண்டும் வெறும் குரோமியம்தான், எண்ணைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அமிலமாக்கிய நீரில் டைஃபீனைல் கார்பசைடு சேர்த்து, ஊதா கலந்த சிவப்பு ஏறினால் அறுவிணைதிறம் இருக்கிறது என்று அர்த்தம். ஆக, மொத்தம் மட்டும் போட்ட அறிக்கை பாதி அறிக்கை.

மாழைக்கு என் ஓட்டு இல்லை. திருமங்கையாழ்வார் சீதையை 'மாழை மான் மட நோக்கி' என்றார். அந்தச் சொல்லை எடுத்துக் காட்மியத்துக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

த.சி., யாழ்ப்பாணம்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது 'பார உலோகம்'. கனம், பாரம் இரண்டும் வடமொழி வழிதான் என்று புலவர் ஐயா சண்டைக்கு வர முன்னம் நானே சொல்லிவிடுகிறேன்.

சொல்லைத் தெரிவு செய்யும்போது எங்களையும் கொஞ்சம் யோசியுங்கோ. வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம் பக்கம், விவசாயிகளுக்கு வருகிற சிறுநீரக நோய்க்குக் காட்மியமா, ஆர்சனிக்கா, தண்ணீரில் உள்ள புளோரைட்டும் கடினத்தன்மையுமா என்று விஞ்ஞானிகள் கனகாலமாய் வாதாடுகினம், முடிவில்லை. மண்ணில் இவ்வளவு இருக்கிறது என்று பத்திரிகை போடும். சனத்தின் உடம்புக்குள் எவ்வளவு போனது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதித்தான் பாதிக் குழப்பம்.

அதோடு, நாங்கள் 'நாகம்' என்று எழுதுவது உங்கள் துத்தநாகம். கையேடு இங்கேயும் வருமென்றால் அதைக் கவனியுங்கோ.

புலவர் இ.கு.:

நாகம் நல்ல எடுத்துக்காட்டு. சித்த மருத்துவத்தில் நாகம் துத்தநாகம். வடமொழி இரச நூல்களில் நாகம் என்றால் காரீயம். ஒரே பெயர், இரண்டு மாழை. சித்தர்கள் காரீயத்தைக் கருவங்கம் என்றும் வெள்ளீயத்தை வெள்வங்கம் என்றும் பிரித்தார்கள். அறுபத்து நான்கு பாடாணங்களை, அதாவது நச்சுப் பொருள்களை, வகைப்படுத்திய மரபுக்குச் சொல் பஞ்சமா?

மீ.ரா., கோவை:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வரைவில் மூன்று இடத்தில் வெறும் 'ஈயம்' என்று இருக்கிறது. தயவுசெய்து எல்லா இடத்திலும் காரீயம் என்று மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் ரசம் ஈயச்சொம்பில்தான் கொதிக்கிறது. அந்த ஈயம் வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்று மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். 'ஈயம் நஞ்சு' என்று கையேட்டில் அச்சிட்டால் ஊர் முழுக்கச் சொம்பு பரணுக்குப் போகும். விலை குறைவு என்று காரீயம் கலந்த சொம்பை விற்பவர்களும் உண்டு, அதனால் எச்சரிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த ஈயம் என்று எழுதுங்கள் என்கிறேன்.

செ.ம.:

மாற்றிவிட்டேன் அம்மா, நன்றி. சொல்லுக்கு வருவோமா? இன்று புதன்.

ப.க.:

நேற்று இரவு யோசித்தேன். கழனியில் யாரும் கிடைப்பு என்றோ ஏற்பு என்றோ பேசுவதில்லை. "நிலத்துல உப்பு இருக்கு, ஆனா பயிர்ல ஏறல" என்பார்கள். விஷம் ஏறும், இறங்கும். பாம்புக்கடிக்கும் அப்படித்தான், பித்தத்துக்கும் அப்படித்தான். ஆகவே 'மொத்த அளவு', 'ஏறும் அளவு'. யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

வ.ந.:

இது பிடித்திருக்கிறது. நெல்லுக்கு இன்னும் பொருந்தும். வயலில் தண்ணீர் கட்டியே வைத்தால் காட்மியம் சல்பைடாக மாறி அடங்கிக் கிடக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வடித்துக் காயவிட்டால் அது மறுபடி கரைந்து தானியத்துக்கு ஏறும். சரி, தண்ணீரை நிறுத்தியே வைப்போம் என்றால் அப்போது ஆர்சனிக் ஏறும். ஒன்றை இறக்கினால் மற்றொன்று ஏறுகிற இந்தச் சங்கடத்தை 'கிடைப்பு' என்று எழுதிப் பாருங்கள், செத்த வாக்கியமாக இருக்கும். மொத்த அளவோ இரண்டு நிலையிலும் மாறுவதே இல்லை. மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்பு போட்டுக் குறைத்தாலும் காட்மியம் ஏறுவது குறையும். இதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது.

ஒரு தயக்கம் மட்டும். காரீயத்துக்கு ஆபத்து பயிர் வழியாக மட்டும் வருவதில்லை. மண்ணில் விளையாடும் பிள்ளை விரலை வாயில் வைக்கிறது. அதை அளக்க இரைப்பை போல ஒரு கரைசல் தயாரித்து, 1.5 கார அமில நிலையில், 37 டிகிரியில் மண்ணைக் குலுக்குவார்கள். அங்கே எதில் ஏறுகிறது?

ப.க.:

உடம்பில் ஏறுகிறது, வேறெங்கே? 'பயிரில் ஏறும் அளவு', 'உடலில் ஏறும் அளவு'. தீர்ந்தது.

புலவர் இ.கு.:

தீரவில்லை. ஏறும் அளவு என்பது நாள்தோறும் கூடிக்கொண்டே போகும் அளவு என்றும் பொருள்படும், விலை ஏறுவதுபோல. பெயரெச்சத் தொடரைக் கலைச்சொல் என்று நிறுத்தினால் அதிலிருந்து வினையடியும் பண்புப்பெயரும் எப்படிக் கிளைக்கும்? 'ஏறும் அளவின்மை' என்பீர்களா? வேண்டுமானால் 'ஏறுதகவு' எனலாம். தகவு என்றால் தகுதி. ஏறத் தக்க நிலை. நிகழ்ந்த ஏற்றத்தையல்ல, நிகழக்கூடிய ஏற்றத்தைத்தானே டிடிபிஏ அளக்கிறது? அந்த நுட்பம் 'ஏறும் அளவில்' இல்லை.

மீ.ரா.:

தகவு என்றால் விகிதம் என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் எத்தனைக்கு எத்தனை என்று கேட்கும், ஐயா.

த.சி.:

இங்கேயும் ஏறும் அளவு விளங்கும். பரீட்சைத் தாளில் எழுத மட்டும் கொஞ்சம் கூச்சமாய் இருக்கும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

செ.ம.:

அச்சகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். உழவர் அட்டவணையில் 'மொத்த அளவு', 'பயிரில் ஏறும் அளவு' என்று போட்டுவிட்டேன். ஆசிரியர்களுக்கான பின்னிணைப்பில் 'உயிர்க்கிடைப்பு' இருக்கும், அடைப்புக்குறிக்குள் 'ஏறும் அளவு'. கிடப்பு எங்கேயும் வரவில்லை. மாழையும்தான். புலவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அனைவருக்கும் நன்றி.

புலவர் இ.கு.:

பொறுத்துக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே பொருளுக்கு உழவர்க்கு ஒரு சொல், ஆசிரியர்க்கு ஒரு சொல் என்றால் அந்த உழவரின் மகள் கல்லூரிக்கு வரும்போது எதை மறக்க வேண்டும்? குழுவின் சொற்பட்டியலில் 'கிடப்பு × கிடைப்பு' என்று என் மறுப்போடு சேர்த்துப் பதிய வேண்டுகிறேன்.

இராஜ திராவகம் என்று வரைவில் இருந்ததைப் பார்த்தும் இதுவரை பேசாமல் இருந்தேன். அரசநீர் என்று எழுதினால் கரைக்காதா?

வ.ந.:

கரைக்கும் ஐயா. புட்டியில் தனியாக ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு மாணவன் குடிக்காமல் இருந்தால் சரி.