மீன் குழம்புக்கு மேல தயிர்: சத்திரக்குடியானுக்கு ஒரே ஒரு கேள்வி

பாம்பன்காத்து | காலை 6.48

நேத்து ‘வரன் பாக்குறவங்க கவனத்துக்கு’ இழையில சத்திரக்குடியான் எழுதினதை எழுத்து மாறாம ஒட்டுறேன். அழிச்சுட்டு ‘நான் எப்ப சொன்னேன்’னு வருவார், அவர் பழக்கம் அப்படி.

“மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் கடற்கரை ஊர்கள்ல வெண்குஷ்டம் ஜாஸ்தி. மீனோட தயிர் சேக்குறதுதான் காரணம். பொண்ணு பாக்கப் போறவங்க விரல் நுனி, உதட்டோரம், கணுக்கால் மூணையும் பாத்துட்டு அப்புறம் காப்பித் தம்ளரைத் தொடுங்க.”

சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குறவன்கூட மாட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாயைத் தொறப்பான்.

முதல்ல அந்தப் பேரு. குஷ்டத்துக்கும் தோல் வெளுக்குற இந்த வெண்புள்ளிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குஷ்டம் கிருமியால வர்றது, திட்டுல தொட்டா உணர்ச்சி மந்தமா இருக்கும். வெண்புள்ளியில எறும்பு கடிச்சாலும் மத்த இடம் மாதிரியே சுருக்குன்னு இருக்கும். அந்தப் பேரை விட்டுட்டு ‘வெண்புள்ளிகள்’னு எழுதச் சொல்லி தமிழ்நாடு அரசே உத்தரவு போட்டு வருஷமாச்சு. அட, தொழுநோயையே விவாகரத்துக்குக் காரணமாக் காட்டக் கூடாதுன்னு 2019-ல சட்டத்தைத் திருத்திட்டாங்க. இவரு இன்னும் கணுக்கால்லயே நிக்கிறாரு.

அடுத்து தயிர். வங்காளத்துல தயிர்லயே மீனை வேக வைக்கிறாங்க. அங்க பாதி ஊரு வெள்ளைத் திட்டோடயா திரியுது? தயிருக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்.

சத்திரக்குடியான் | காலை 7.20

விடிஞ்சதும் விடியாததுமா ஆரம்பிச்சாச்சா? கருவாட்டு இழையில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை போலும்.

நான் யாரையும் கேலி செய்யவில்லை. முன்னெச்சரிக்கை சொன்னேன். மீனும் பாலும் விருத்தாகாரம், அதாவது சேர்த்துச் சாப்பிடக் கூடாதவை என்று ஆயுர்வேதம் எப்போதோ சொல்லிவிட்டது. பாலிலிருந்துதான் தயிர். வங்காளி உடல்வாகு வேறு, நம் உடல்வாகு வேறு.

ஓலைக்குடா நிலா | காலை 7.31

ஒரு நிமிஷம். உருவகேலின்னா எது, எச்சரிக்கைன்னா எதுன்னு முதல்ல ஒரு கோடு போட்டுக்கிட்டுப் பேசலாமா? ஒரு பொண்ணோட கணுக்காலைப் பாருங்கன்னு பொதுவுல எழுதுறது எந்தப் பக்கம்?

தொண்டிநண்டு | காலை 7.40

கோடு அப்புறம் போடலாம்க்கா. எனக்கு ஒரு சந்தேகம். கடற்கரையில மீனுக்கு மேல தயிர் ஊத்துறவன் யாரு? இந்தப் பயம் இருக்குறதாலயே மீன் வச்ச அன்னைக்குத் தயிர்ச் சட்டிய வெளியவே எடுக்க மாட்டாங்க. தயிரே சேக்காத ஊருல தயிரால எப்படி வருது? சத்திரக்குடிக் கணக்கு எனக்குப் புரியல.

கீழக்கரை வாசல் | காலை 7.52

யாரு சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு? மீன் ஆணத்துக்கு (குழம்புக்கு) அப்புறம் கடைசிக் கை சோத்துக்கு மோர் ஊத்தாம எழுந்திரிக்கிறவங்க எங்க பக்கம் இருக்காங்களா? கடற்கரை முழுக்கத் தொண்டி இல்லை தம்பி.

பாம்பன்காத்து | காலை 8.05

வாசல் காக்கா, அண்ணே, நீங்க யாரு பக்கம்? நம்ம ஆளுக்கே குழி வெட்டாதீங்க.

மருந்துச்சீட்டு | காலை 8.30

தயிரை ஓரமா வைங்க. வெண்புள்ளி எப்படி வருதுன்னு சொல்லிடுறேன்.

தோலுக்கு நிறம் குடுக்குற செல்லு மெலனோசைட். உடம்போட சொந்த எதிர்ப்புச் சக்தியே (டி செல்லுன்னு பேரு) அதை எதிரின்னு நினைச்சு அழிச்சிடுது. அழிஞ்ச இடம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போகுது. உலகத்துல நூத்துக்கு அரையில இருந்து ரெண்டு பேர் வரைக்கும் இருக்கு. தொட்டா ஒட்டாது, தம்ளர்ல ஒட்டாது, படுக்கையில ஒட்டாது. சில பேருக்குத் தைராய்டுக் கோளாறும் கூடவே இருக்கும், அதனால டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒண்ணு எடுத்துப் பாக்கணும்.

இந்தத் தன்மை உள்ளவங்களுக்குத் தோல் உராய்ஞ்ச இடத்துல புதுத் திட்டு கிளம்பும். பாவாடை நாடா இறுக்குற இடுப்பு, செருப்பு வார் படுற மேல்பாதம், கயிறு இழுக்குற உள்விரல். விரல் நுனி, கணுக்கால்னு அந்த ஐயா போட்ட பட்டியல் தப்பில்லை, பல பேருக்கு அங்க முதல்ல தெரியும். அதுக்குக் காரணம் உராய்வும் எலும்பு மேல தோல் இழுபடுறதும். சாப்பாடு இல்லை.

இன்னொண்ணு, ஒட்டுற பொட்டு. சில பொட்டுப் பசையில பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால்னு ஒரு ரசாயனம் இருக்கு, அது மெலனோசைட்டையே கொல்லும். நெத்தியில பொட்டு அளவுக்கே வட்டமா வெளுக்கும். மலிவான ரப்பர் செருப்பால பாதத்துல வார் போற வழியிலயே வெளுக்கும். பொருளை நிறுத்தினாத்தான் பரவுறது நிக்கும். நிறுத்தாம மருந்து போடுறது, ஓட்டையை அடைக்காம வள்ளத்துத் தண்ணிய இறைக்கிற கதை.

சத்திரக்குடியான் | காலை 8.51

பட்டியல் தப்பில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. தயிரை மட்டும் ஓரமாக வைக்கச் சொல்கிறீர்கள். ஏன்? வைக்க முடியாது.

பாம்பன்காத்து | காலை 9.10

பாத்தீங்களா, ஒரு பக்கம் எழுதினார் மனுஷன், அதுல ஒரு வரியப் பொறுக்கிக்கிட்டாரு.

‘கடற்கரையில ஜாஸ்தி’ங்குறாரே, அது எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? இவரு பஸ் ஸ்டாண்டுல பாத்தது முக்கால்வாசி தேமலா இருக்கும். கடல் ஓரத்துல காத்துல ஈரம், நாள் முழுக்க வேர்வை, சட்டை காயுறதே இல்லை. தோல் மேல எப்பவும் இருக்குற பூஞ்சை அந்த ஈரத்துல பெருகி கழுத்து, நெஞ்சு, முதுகுல திட்டுத் திட்டா நிறத்தைக் குறைக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நகத்தால லேசாச் சுரண்டினா தேமல்ல தவிடு மாதிரி உதிரும். வெண்புள்ளியில ஒண்ணும் உதிராது, வழவழன்னு இருக்கும். தேமல் மங்கல் வெள்ளை, வெண்புள்ளி பளீர் வெள்ளை. ஆஸ்பத்திரியில உட்ஸ் விளக்கு (தோலைச் சோதிக்கிற புற ஊதா விளக்கு) அடிச்சா வெண்புள்ளி நீல வெள்ளையா மின்னும். தேமலுக்கு கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டாப் போதும், பூஞ்சை செத்துரும். ஆனா நிறம் திரும்ப ரெண்டு மூணு மாசம் ஆகும். அது தெரியாம ‘மருந்து கேக்கலை’ன்னு வெண்புள்ளிப் பட்டம் கட்டிருவாங்க.

பரமக்குடி ரோட்டுல உக்காந்துக்கிட்டு தேமலுக்கும் வெண்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாம பொண்ணு பாக்க அறிவுரை! தயிருக்கு இன்னும் பதில் வரலை.

தொண்டிநண்டு | காலை 9.22

தயிரை விடுங்க, பாலுக்கு வாங்க. புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறணும்னு பால்சுறாப் புட்டு அவிச்சுக் குடுக்குறோம். அடுத்த ஒரு மணி நேரத்துல அவளே ஒரு டம்ளர் பசும்பாலும் குடிக்கிறா. சத்திரக்குடியார் கணக்குப்படி கடற்கரையில பெத்தவ அத்தனை பேரும் வெளுத்திருக்கணுமே?

கீழக்கரை வாசல் | காலை 9.30

நாங்க சீலாவையே தேங்காப்பால்லதான் வைக்கிறோம்.

சத்திரக்குடியான் | காலை 9.34

தேங்காய்ப்பால் பாலே அல்ல. சீலா என்று நீங்கள் சொல்வது எது? சென்னையில் சீலா வேறு மீன்.

கீழக்கரை வாசல் | காலை 9.37

சென்னையில ஊளியைச் சீலான்னு விக்கிறாங்கன்னா அது அவங்க பிரச்சினை. இங்க சீலான்னா வஞ்சிரம்தான்.

தொண்டிநண்டு | காலை 9.41

வஞ்சிரம்னு சொல்லாதீங்க காக்கா, அது மெட்ராஸ் பேச்சு. நெய்மீன்னு சொல்லுங்க.

நெறியாளர் | காலை 9.50

சீலாவுக்குத் தனி இழை இருக்கு. அங்க போங்க.

ஓலைக்குடா நிலா | காலை 10.02

என் கேள்வி அப்படியே கிடக்கு. கணுக்கால்?

பாம்பன்காத்து | காலை 10.40

வர்றேன் நிலாக்கா, தயிரை முடிச்சுட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்த மாதிரி ஆளுங்க பேச்சைக் கேட்டு, கல்யாணத்துக்கு முந்தி மறைக்கணும்னு அவசரப்பட்டு கார்போகரிசிங்குற நாட்டு மருந்து விதைய அரைச்சுப் பூசிக்கிட்டு நம்ம ஊரு உச்சி வெயில்ல நிக்கிறாங்க. அதுல இருக்குற சோராலன்ங்குற ரசாயனம் வெயில் பட்டதும் தோலை வேக வைக்கும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, அங்கதான் ஏமாத்து. ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் கொப்புளம் முழுசா எழும்பும். புண் ஆறின இடத்துல, முன்னாடி சொன்ன உராய்வுக் கதை மாதிரியே, புதுத் திட்டு வரும். இருந்தது ஒண்ணு, இப்ப மூணு.

வேணும்னு நினைக்கிறவங்களுக்கு வைத்தியம் இருக்கு. 311 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், அடுத்தடுத்த நாள்ல கூடாது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. லேசா சிவந்து 24 மணி நேரத்துக்குள்ள மறைஞ்சா அளவு சரி. மறுநாளும் சிவப்பு நின்னா ஏத்தக் கூடாது. கண்ணுக்குப் புற ஊதாவைத் தடுக்குற கண்ணாடி கட்டாயம். நிறம் திரும்புறது எப்படித் தெரியும்னா, வெள்ளைத் திட்டு நடுவுல ஒவ்வொரு மயிர்க்காலைச் சுத்தியும் எள்ளு தெளிச்ச மாதிரி பழுப்புப் புள்ளி எட்டிப் பாக்கும், அப்புறம் ஒண்ணோட ஒண்ணு கூடும். அதனாலதான் முகம், கழுத்து சீக்கிரம் கேக்கும். உள்ளங்கை, விரல் நுனி, உதடு சண்டித்தனம் பண்ணும், அங்க மயிர்க்காலே இல்லையே.

நம்ம பக்கம் எங்க கெடுதுன்னா, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், அதுக்குள்ள முடிச்சிரலாம்னு ஆரம்பிக்கிறது. படகு இறங்கினதும் நிறுத்திருவாங்க. ஆறு மாசம் பாக்காம கேக்குது, கேக்கலைன்னு சொல்லவே முடியாது.

மருந்துச்சீட்டு | காலை 10.58

சேத்துக்கோங்க: முகத்துக்கு டாக்ரோலிமஸ் 0.1 சதவீதக் களிம்பு, மருத்துவர் சொன்னா மட்டும். ஸ்டீராய்டு களிம்பைக் கடையில கேட்டு வாங்கி மாசக் கணக்குல முகத்துல தேய்ச்சா தோல் மெலிஞ்சு ரத்தக் குழாய் தெரியும், பருவும் முடியும் கிளம்பும். தோல் ஒட்டு வைக்கணும்னா, ஒரு வருஷமாவது புதுத் திட்டு வராம இருந்திருக்கணும். அவசரப்பட்டா எடுத்த இடமும் வெளுக்கும், வச்ச இடமும் கூழாங்கல் பாவின மாதிரி மேடு தட்டும்.

மரிக்கொழுந்து | காலை 11.15

கடல்பாசி எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு கேக்கணும். வெள்ளைத் திட்டுல வெயில் பட்டா எரியுதே, தண்ணிக்குள்ள நாலஞ்சு மணி நேரம் நிக்கிறவங்க என்ன செய்யிறது?

மருந்துச்சீட்டு | காலை 11.24

மெலனின் (தோலுக்கு நிறம் தர்ற பொருள்) இல்லாத தோலுக்குக் குடை கிடையாது, அதான் எரியுது. தண்ணியில பட்டுத் திரும்புற வெளிச்சம் தாடைக்கு அடியிலயும் சுடும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, தண்ணியில கரையாத சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேத்து ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்குப் பிதுக்கணும். கடுகளவு தடவுறது வீண். இறங்குறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணிக்குள்ளயே நின்னா அதுக்கும் முன்னாடியே. விலைக்குக் கட்டுப்படலைன்னா முழுக்கைச் சட்டையும் முகத்தைச் சுத்தின துணியுமே பாதி காரியம் பாக்கும். விரல்ல துணியை இறுக்கிக் கட்டாதீங்க, உராய்வு. தளர்வா உறை போடுங்க.

சத்திரக்குடியான் | காலை 11.40

இவ்வளவு வைத்தியம் இருக்கிறது என்றால் அது நோய்தானே? நோயைச் சொல்வது எப்படிக் கேலியாகும்? என் எச்சரிக்கை சரி என்றுதான் நீங்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக நிரூபிக்கிறீர்கள்.

ஓலைக்குடா நிலா | காலை 11.46

வைத்தியம் வேணுமா வேண்டாமான்னு அந்தத் தோலுக்குச் சொந்தக்காரி முடிவு பண்ணட்டும். பல பேர் ஒண்ணுமே போடாம, மறைக்காம திரியிறாங்க, அவங்க இஷ்டம். நீங்க காப்பித் தம்ளரைத் தொடாதீங்கன்னு எழுதினது எச்சரிக்கையா? மூணாவது தடவை கேக்குறேன்.

பாம்பன்காத்து | காலை 11.55

அவர் எங்க சொல்வாரு. தயிருக்கே இன்னும் வாயத் தொறக்கலை. வங்காளத்துக்குப் பதில் இல்லை, பால்சுறாவுக்குப் பதில் இல்லை. கருவாட்டு இழையிலயும் இதே ஓட்டம்தான், உப்பு எத்தனைப் பங்குன்னு கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும்...

சத்திரக்குடியான் | பகல் 12.08

கருவாட்டில் நான் சொன்னதுதான் சரி.

கீழக்கரை வாசல் | பகல் 12.10

அதுல நீங்க சொன்னது சரிதான், ஒத்துக்குறேன்.

பாம்பன்காத்து | பகல் 12.11

காக்கா!!!

சத்திரக்குடியான் | பகல் 12.30

இத்தனை பேர் சேர்ந்து கத்துவதால் அந்தப் பதிவை நீக்கப் போவதில்லை. ஆனால் தொண்டிநண்டு சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, கடற்கரையில் தயிர் குறைவு. ஆகவே ‘தயிர்’ என்ற இடத்தில் ‘மோர்’ என்று திருத்தியிருக்கிறேன்.

பாம்பன்காத்து | பகல் 12.31

இருங்க, சாப்பிட்டு வர்றேன்.