பின்கதவு பூட்டு உடைந்திருக்கா? வாயால் சொல்லாதீர்கள், ஈமெயில் போடுங்கள்

லீவுக்கு கொக்குவில் வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெடியன் அடுத்த மாதம் ரொறன்ரோ போகிறான், குளிர் சட்டை எத்தனை வேணும் என்பது வரை கேட்டுவிட்டான். அவன் கேட்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன்: ஒரு இடத்துக்குள் வெளியாள் யாரையாவது தாக்கினால், அந்த இடத்துக்காரருக்கும் பொறுப்பு உண்டா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குள் வாள்வெட்டு நடந்தால் வெட்டினவனைத்தான் தேடுவோம், கடைக்காரரை யாரும் கேள்வி கேட்பதில்லை. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படியில்லை. இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், உள்ளே வருகிறவர்களின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. அதற்காக எது நடந்தாலும் அவர் தலையில் கட்டலாம் என்றில்லை. இப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தும் சும்மா இருந்தாரா, வழக்கு பெரும்பாலும் அதில்தான் நிற்கும்.

அமெரிக்காவில் இதற்குப் பெயர்போன வழக்கு ஒன்று. 1959இல் ஒரு பெண் வாஷிங்டனில் ஒரு கட்டடத்துக்குக் குடிவந்தபோது வாசலில் 24 மணிநேரமும் காவலாள். 1966இல் காவலாளும் இல்லை, முன்மேசையில் பல நேரம் ஆளும் இல்லை. கட்டடத்துக்குள் இருந்த பொது நடைபாதையில் வைத்து ஒருவன் அவரைத் தாக்கினான். அதே நடைபாதையில் இரண்டு மாதம் முன்பு இன்னொரு பெண்ணுக்கும் அதே கதி. வீட்டுக்காரருக்குத் தெரிந்தே இருந்தது, பொறுப்பு உண்டு என்று 1970இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தெரியாது என்று வீட்டுக்காரர் பிறகு சொல்லக்கூடாது, அதனால்தான் ஈமெயில். எங்கள் கட்டடத்துப் பின்கதவு பூட்டுப்படவில்லை என்று இரண்டு மாதம் வாயால் சொன்னேன், "சரி, பார்க்கிறோம்" என்பதோடு சரி. படத்தோடு திகதி போட்டு எழுதினேன், நாலாம் நாள் பூட்டு வந்தது!

ஏதாவது நடந்துவிட்டால் முதலில் டொக்டர், பொலிஸ். அப்புறம் கமெராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள், பல இடங்களில் அது கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். வழக்குப் போட ஒன்ராறியோவில் பொதுவாக 2 வருடம்தான். லண்டன் போகிறவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுக்க வேண்டாம், வெளியாள் செய்த குற்றத்துக்கு வீட்டுக்காரரைப் பிடிக்க அங்கத்தைய நீதிமன்றங்கள் லேசில் சம்மதிப்பதில்லை.

இன்னொன்று. சாமத்திய வீட்டுக்கு ஹோல் எடுத்தால் அன்றிரவு அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களில் நீங்களும் ஒருவராகலாம். போன தடவை குடித்துவிட்டுச் சண்டை பிடித்தவரைத் திரும்பவும் கூப்பிட்டால், தெரியாது என்று சொல்ல முடியாது. வாசலுக்கு ஒரு செக்கியூரிட்டி போடுங்கள். மாமாமார் ஏசுவார்கள், ஏசட்டும்.