பி.எட். செயல் ஆராய்ச்சி, கிராமப் பணி: மண்டபம் பக்கத்துப் பள்ளிக்கு உண்மையிலேயே உதவுகிற மாதிரி என்ன செய்யலாம்?

கேள்வி: வேதாளைப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகக் கல்வியியல் கல்லூரி ஒன்றில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பாடம் கணிதம். 16 வார இன்டர்ன்ஷிப்புக்கு எங்கள் ஊர்ப் பக்கமே, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி கிடைத்திருக்கிறது. எட்டும் ஒன்பதும் எடுக்கிறேன்.

இப்போது மூன்று வேலைகள் ஒன்றாக வந்து நிற்கின்றன. செயல் ஆராய்ச்சி, அதாவது நம் வகுப்பின் ஒரு சிக்கலை நாமே ஆராய்ந்து மாற்றிப் பார்ப்பது, அதற்கு ரெக்கார்டு எழுத வேண்டும். எங்கள் குழு ஒரு கிராமத்தில் சமூகப் பணி செய்ய வேண்டும். அப்புறம் கல்லூரி ஆண்டறிக்கையில் "ஆராய்ச்சி, சமூகப் பணி, சாதனைகள்" என்ற பகுதிக்கு எங்கள் பேட்ச் சார்பில் எழுதித் தரும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சீனியர்களின் ரெக்கார்டுகளை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கையெழுத்தை மேம்படுத்துதல், வாய்ப்பாடு மனப்பாடம் என்று ஒரே தலைப்புகள்தான், ஒரு முன்தேர்வு, ஒரு பின்தேர்வு, ஒரு பட்டை வரைபடம், முடிந்தது. சமூகப் பணி என்றால் பேரணி, மரக்கன்று, பேனர் முன்னால் ஒரு போட்டோ. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, அவர்களுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். ஆனால் நான் இந்தக் கரையில் பிறந்தவள், என் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர், நான் இருந்துவிட்டுப் போனதற்கு அந்தப் பள்ளியில் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், தசமப் பெருக்கல் என்றால் நோட்டைத் திறக்கவே மாட்டான். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் இறங்குதளத்தில் பார்த்தேன். அவன் அப்பா நண்டை எடை போட்டுக்கொண்டிருந்தார், மூன்றே கால் கிலோ, கிலோ நானூற்று இருபது. வியாபாரி போனை எடுத்துக் கணக்குப் போடுவதற்குள் இவன் "ஆயிரத்து முந்நூற்று அறுபத்தஞ்சு" என்றான். எப்படிடா என்று கேட்டால், "மூணு கிலோவுக்கு ஆயிரத்து இருநூத்தறுபது, காலுக்கு நூத்தஞ்சு, கூட்டிக்கிட்டேன் டீச்சர்" என்கிறான். மறுநாள் அதே கணக்கை 420 × 3.25 என்று போர்டில் எழுதினேன், குனிந்துகொண்டான்.

இதை ஆராய்ச்சியாகச் செய்ய முடியுமா? ஆராய்ச்சியும் சமூகப் பணியும் ஒரே வேலையாக இருக்கலாமா? ஆண்டறிக்கையில் சாதனை என்று நியாயமாக எதை எழுதலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தங்கச்சிமடம் டீச்சர்

தங்கச்சி, முதலில் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார். தலைப்பு அதற்குள்ளேயே இருக்கும்.

நான் இந்த ராமேசுவரம் தீவுப் பக்கத்தில் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். நம் பிள்ளைகள் லீவு போடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை, அது கடல் நாள்காட்டிப்படி நடக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும், மீன் பிரிக்க, நண்டு கழிக்க வீட்டில் கை வேண்டும். அதனால் சராசரி வருகை இத்தனை சதவீதம் என்று மொத்தமாகப் போட்டால் ஒன்றும் தெரியாது, கிழமை வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீனவர் வேலைநிறுத்தம் வந்தால் கிழமைக் கணக்கு மாறும், அந்த வாரங்களைத் தனியாகக் குறித்துக்கொள்.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. உன் அம்மா பாசிக்குப் போகிறார் என்றாயே, உனக்கே தெரிந்திருக்கும். அமாவாசையைச் சுற்றி ஆறு நாள், பௌர்ணமியைச் சுற்றி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று நம் பெண்களே கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு அது. அந்த நாட்களில் அம்மா விடியுமுன் தீவுக்குக் கிளம்பிவிட்டால், சின்னதுகளைக் குளிப்பாட்டி அனுப்புவது மூத்த பெண்ணின் வேலை. சில நாள் அவள் தாமதமாக வருவாள், சில நாள் வரவே மாட்டாள். பதிவேட்டை அமாவாசை, பௌர்ணமி தேதியோடு ஒட்டிப் பார்த்த பி.எட். ரெக்கார்டு ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் படவில்லை. நீ செய்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் அதற்குள் வந்துவிடும் என்பதால் நம் ஆட்கள் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் விசைப்படகில் போகும் அப்பாமார் தொடர்ந்து கரையில் இருக்கும் மாதங்கள் அவைதான். பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் அதைவிட நல்ல காலம் கிடையாது.

பதில் 2: காரைக்குடி எம்.எட்.

உங்கள் நண்டுக் கணக்குப் பையனைப் பற்றிப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் நீங்கள் பார்த்தது கணிதக் கல்வியில் பெயர் பெற்ற ஒரு ஆய்வின் விஷயமேதான். பிரேசிலில் ரெசிஃபி நகரத்தில் தெருவில் இளநீர், பழம் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்து தெரசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஸ்லீமன் மூன்று பேரும் செய்தது, 1985ல் வெளியானது. வாடிக்கையாளர் மாதிரி போய்க் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. கதைக் கணக்காகக் கொடுத்தால் 74. காரணமும் கண்டுபிடித்தார்கள், கடையில் அவர்கள் எண்ணை உடைத்து, சேர்த்து, தங்கள் வழியில் போடுகிறார்கள், பேப்பரைக் கண்டதும் பள்ளி சொன்ன வழியைப் பாதி நினைவில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். உங்கள் பையன் மூன்றையும் காலையும் பிரித்துப் பெருக்கிக் கூட்டியது பங்கீட்டுப் பண்பு. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் நீங்கள் கற்பிக்கப் போவதும் அதைத்தானே.

எனவே ஆராய்ச்சியை இப்படி வையுங்கள். உங்கள் வகுப்பில் இறங்குதளத்துக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளிடம் ஒரே கணக்கை மூன்று விதமாகக் கேளுங்கள்: வாயால் விலை பேசுவது போல, கதைக் கணக்காக, வெறும் எண்ணாக. ஒவ்வொருவரும் எப்படிப் போட்டார்கள் என்பதை அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைவிட இதுதான் முக்கியம். பிறகு சில வாரம் அவர்கள் வழியையே போர்டில் எழுதி, அதிலிருந்து 420 × (3 + 0.25) என்ற எழுத்துமுறைக்குக் கொண்டுவந்து, மறுபடி கேளுங்கள். டி-மதிப்பு (முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் எண்) வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் போட்டுக் கொடுங்கள், ஆனால் ஒரு வகுப்பை வைத்து உலகத்துக்கே பொதுவிதி சொல்வது செயல் ஆராய்ச்சியின் வேலை இல்லை. குர்ட் லெவின் 1946ல் அந்தப் பெயரில் சமூகச் சிக்கல்களுக்காக எழுதியதை 1953ல் ஸ்டீபன் கோரி பள்ளிக்குக் கொண்டுவந்தது, ஆசிரியர் தன் வகுப்பின் சிக்கலைத் தானே ஆராய்ந்து மாற்ற வேண்டும் என்றுதான். பிள்ளைகளின் பெயரோ போட்டோவோ ரெக்கார்டில் வேண்டாம், எண் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கட்டுரையாக வெளியிடலாம், காசு கட்டினால் போதும் என்று உங்களிடம் சிலர் வருவார்கள். போகாதீர்கள். தரமான ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியலையே 2025ல் அது கைவிட்டுவிட்டது, இப்போது எந்த இதழ் நல்லது என்று பார்ப்பது நம் பொறுப்பு. காசு வாங்கி மூன்றே நாளில் போட்டுவிடும் இதழில் வந்தால் உங்கள் உழைப்பின் மதிப்புதான் குறையும்.

பதில் 3: கீழக்கரைவாசி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கடற்கரைப் பிள்ளை என்றால் மீன் கணக்கு, நண்டுக் கணக்கு என்றே நிறுத்திவிடாதீர்கள். நம் கரையில் அப்பா அம்மா கடனை வாங்கிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அவன் கடலை விட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றுதான். அவன் ஆங்கிலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏங்குகிறான். டீச்சரும் வந்து வலை, வல்லம் என்று பேசினால் இங்கேயும் இதுதானா என்று தோன்றாதா? என் அக்கா மகன் அப்படித்தான் சொன்னான்.

பதில் 4: காரைக்குடி எம்.எட்.

நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். நண்டிலேயே நின்றால் தப்புதான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால் 3.25ஐக் கண்டு பயப்படாமல் இயற்கணிதம் வரை வருவான், அங்கே வந்துவிட்டால் டிப்ளமோவோ பொறியியலோ எதற்கும் போகலாம். கணக்கில் தோற்றுப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால்தான் வேறு வழியில்லாமல் படகில் ஏறுவான். அதனால் வேதாளைப் பெண், உங்கள் பின்தேர்வில் மீனே இல்லாத கணக்குகளும் பாதியாவது இருக்கட்டும், அதில் தேறினால்தான் வழிமுறை வேலை செய்தது என்று அர்த்தம்.

பதில் 5: வடகடல்

நான் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன், பிள்ளை படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினர். படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு வார்த்தை.

எங்கள் ஊருக்குக் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள், நல்ல பிள்ளைகள்தான், தெருவைக் கூட்டுவார்கள், கேள்வித்தாளைக் கொடுத்து வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவார்கள். அந்தத் தாள் என்ன ஆனது என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. என் வருமானத்தைச் சொன்னேனே, அதை வைத்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

நீ பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை எங்கள் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வந்து தமிழில் சொல்லு தாயி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதி பேர் பெண்கள். இந்தக் கிழமை இத்தனை பிள்ளை வரவில்லை, இந்தப் பாடம் போனது என்று ஒரு சார்ட்டில் எழுதி மாட்டினால் நாங்களே பேசி முடிவு செய்வோம். மீன் பிரிக்கப் பிள்ளையைக் கூப்பிடாமல் இரண்டு வீடு சேர்ந்து ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளலாம், பாசி நாளில் சின்னப் பிள்ளைகளை ஒரு கிழவி வீட்டில் விடலாம். எங்களுக்குப் புத்தி இல்லை என்று நினைத்து விழிப்புணர்வு கொடுக்க வராதீர்கள், கணக்கைக் கொண்டுவாருங்கள். கூட்டம் வைக்கிற நேரத்தையும் பாருங்கள், படகு போகிற அன்று சாயங்காலம் வைத்தால் ஒரு ஆண்பிள்ளை வர மாட்டான்.

பதில் 6: ஓய்வுபெற்ற கல்வியியல் ஆசிரியர்

வடகடல் ஐயா சொன்னதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், அதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆண்டறிக்கை பற்றி மட்டும் சொல்கிறேன்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பு ஆசிரியர் கல்வி நிறுவனங்களை ஏழு அளவுகோல்களில் மதிப்பிட்டு வந்தது, அதில் மூன்றாவதே ஆராய்ச்சியும் சமூகப் பணியும்தான். அதனால் கல்லூரிகள் எண்ணிக்கையைத் துரத்துகின்றன, இத்தனை முகாம், இத்தனை கட்டுரை, இத்தனை விருது. எண்ணிக்கை கேட்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்திலேயே கல்லூரிகள் ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றுதானே சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு புது ஊருக்குப் போவதைவிட, ஒரே ஊருக்கு அடுத்தடுத்த பேட்ச் போனால் சமூகப் பணிக்கு வேர் பிடிக்கும். உங்கள் சார்ட்டையும் கேள்விகளையும் அடுத்த பேட்சுக்கு ஒப்படைத்து, அதே பள்ளியில் அதே பதிவேட்டை அவர்களும் பார்த்தார்கள் என்றால், சில வருடங்களில் உங்கள் கல்லூரியிடம் இந்தக் கரையைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத தரவு இருக்கும். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்குக் கடலியல் துறையே இருக்கிறது, கடலைப் படிக்க ஆள் இருக்கிறார்கள். கரையில் இருக்கும் பள்ளியைப் படிக்கக் கல்வியியல் கல்லூரிதான் வர வேண்டும்.

சாதனை என்ற பகுதியில் பள்ளி உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டதோ அதை எழுதுங்கள். சார்ட் இன்னும் மாட்டியிருக்கிறதா, கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள், அந்தப் பையன் போர்டுக்கு வந்தானா. பயன் தராத முயற்சி இருந்தால் அதையும் இரண்டு வரி எழுதுங்கள், அடுத்து வருபவர்களுக்கு நேரம் மிஞ்சும். அப்புறம் ஊர்ப் பெயருக்கு மரியாதை கொடுங்கள். பின்தங்கிய மாவட்டம், முன்னேற விழையும் மாவட்டம் என்று நம்மைப் பற்றி எழுதியே எல்லோருக்கும் பழகிவிட்டது. சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கும் லட்சுமி அம்மாள், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசை 2015ல் வாங்கியவர், இதே கரைதான்.

வேதாளைப் பெண்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கீழக்கரை அண்ணன் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், பின்தேர்வில் பேருந்து நேரம், வட்டி, செல்போன் டேட்டா என்று வேறு கணக்குகளும் வைக்கிறேன். தலைமையாசிரியர் போன ஆண்டுப் பதிவேட்டைப் பள்ளியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குழுவில் ஒருத்தி கிழமை வாரியாக எடுக்கிறாள், நான் பாசி நாட்களை. வடகடல் ஐயா, கூட்டத்துக்குக் கண்டிப்பாக வருகிறேன், எந்தக் கிழமை வைத்தால் எல்லோரும் வருவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு உதவி. போன வருட அமாவாசை, பௌர்ணமி தேதி போட்ட மாதக் காலண்டர் யார் வீட்டிலாவது இருக்கிறதா? போனில் பார்க்கலாம்தான், ஆனால் நம் பெண்கள் எந்தக் காலண்டரைப் பார்த்துக் கிளம்புகிறார்களோ அதுவே வேண்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்

எங்கள் வீட்டில் இருக்கிறது, பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருக்கிறேன், பரவாயில்லைதானே. இரவு பன்னிரண்டு தாளையும் போட்டோ எடுத்து இங்கேயே போடுகிறேன்.

வடகடல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வை தாயி.