டயாலிசிஸ் இலவசம், மற்றதெல்லாம்? சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. சேலத்தில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் அதற்குப் பணம் கேட்பதில்லை. அந்த அட்டை இல்லாவிட்டால் நாங்கள் எப்போதோ நொடிந்திருப்போம். ஆனாலும் சொந்தக்காரர்கள் "எல்லாம் இலவசம்தானே" என்று சொல்லும்போது மனசு வலிக்கிறது.

வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் போக வேண்டும். காலையில் பஸ்ஸில் போய்விடலாம். முடிந்து வரும்போது அப்பாவுக்கு பிரஷர் இறங்கி, தலை சுற்றி, கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். அந்த உடம்போடு பஸ்ஸில் நின்றுகொண்டு மலை ஏற முடியுமா? கார்தான் பிடிக்க வேண்டும். எஸ்டேட்டில் அவர் இரண்டு மூன்று நாள் வேலை செய்து வாங்கிய கூலி ஒரு நடைக்கே போகிறது. இப்போது அவருக்குக் கூலியும் இல்லை. துணைக்குப் போகும் அம்மாவுக்கும் வாரத்தில் பாதி நாள் வேலை போய்விடுகிறது. காபி பறிக்கும் மாதங்களில்தான் எங்களுக்கு நாலு காசு சேரும், அந்தச் சமயத்திலும் இதே கதைதான்.

அப்புறம் ரத்தம் ஊற ஒரு ஊசி, இரும்புச்சத்து ஊசி, பிரஷர் மாத்திரை. ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லாத நாளில் வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாயில் கிருமி தொற்றிப் படுத்தபோதுதான் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக்கொண்டே போகிறவர்கள், கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைப்பது) எப்போது போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அது தடித்து வலுவாகி ஊசி குத்தத் தயாராக ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். அவசரத்தில் போனால் கழுத்துக் குழாய்தான்.

— செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

தம்பி, என் வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர். அவருக்கு சி.ஏ.பி.டி. போட்டிருக்கிறோம், அதாவது வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ். வயிற்றில் ஒரு குழாய். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, வீட்டிலேயே. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மருந்துத் தண்ணீர்ப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். கார் வாடகை மிச்சம், நானும் வேலைக்குப் போகிறேன். ஆனால் சுத்தம் ரொம்ப முக்கியம். கையை நன்றாகக் கழுவி, மாஸ்க் போட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பையை மாற்ற வேண்டும். வெளியே வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். எல்லோருக்கும் ஒத்துவராது. முன்பு வயிற்றில் ஆபரேஷன் செய்திருந்தால் டாக்டர் யோசிப்பார்.

— நாகலூர்:

ரொம்ப நன்றி அக்கா. அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் எதுவும் நடந்ததில்லை. அடுத்த முறை கீழே போகும்போது டாக்டரிடம் கேட்கிறேன். மலை மேல் எங்கள் ஊர் வரை பை கொண்டுவந்து தருவார்களா என்று மருத்துவம் பார்க்க வருகிற அக்காவிடம் விசாரித்து, இங்கேயே எழுதுகிறேன். பை அடுக்க ஒரு அறையை ஒதுக்கி வெள்ளையடிக்க வேண்டியிருந்தால் அதையும் செய்துவிடலாம்.